தேருக்கு விட்ட வழி

என் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, கோவை வைசியாள் வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கணக்கெழுதினார். பள்ளி விடுமுறைக்கு நான் ஊரிலிருந்து வந்தால், காலையில் குளித்துத் திருநீறு பூசிய கையோடு என்னையும் கடைக்கு அழைத்துச் செல்வார். அந்தக் கடைக்கு ஏற ஐந்து கல் படிகள் உண்டு என்று அவர் சொல்வது வழக்கம். 1980களில் நான் ஏறியது மூன்றே படிகள்தான். மீதி இரண்டும் எங்கே போயின என்று ஒரு நாள் கேட்டேன். "ரோட்டுக்குள்ள இருக்குது கண்ணு. தார் போடப் போட ரோடு மேல வந்துருச்சு, கடை அங்கயேதான் இருக்குது" என்றார். சென்ற மாசியில் அதே கடையின் முன் நின்றபோது ஒரே ஒரு படிதான் வெளியில் தெரிந்தது.

கோவையின் பழைய நகரம் என்று நான் சொல்லும்போது என் மனத்தில் இருப்பது ராஜ வீதி, ஒப்பணக்கார வீதி, வைசியாள் வீதி, கருப்ப கவுண்டர் வீதி ஆகிய நான்கும்தான். ஆண்டுதோறும் மாசியில் கோனியம்மன் கோயிலின் தேர்நிலைத் திடலில் புறப்படும் தேர் இந்த நான்கு வீதிகளையும் சுற்றி வந்து மறுபடி நிலை சேர்கிறது. நகைக் கடை, பாத்திரக் கடை, துணிக் கடை, பூக்கடை என்று நெருக்கியடிக்கும் இந்தப் பகுதியைப் பாரம்பரிய வீதி என்று யாரும் அறிவித்ததில்லை. பெயர்ப்பலகை வைத்துச் சுற்றுலாப் பயணிகளை அழைத்து வருவதும் இல்லை. இருந்தும் இதன் போக்கும் அகலமும் திருப்பங்களும் பெரும்பாலும் பழைய வடிவிலேயே இருக்கின்றன. பல ஆண்டுகள் இந்த வீதிகளில் நடந்து, கட்டடங்களைப் பார்த்து, வயதானவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதிலிருந்து எனக்கு ஏற்பட்ட உறுதியான எண்ணம் இது: இந்த வீதிகளைக் காப்பாற்றி வைத்திருப்பது தேர். சுவர்களை அதனால் காப்பாற்ற முடியவில்லை. சுவர்களுக்கு நடுவே உள்ள வெளியை அது ஒரு சாணும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கிறது.

தேர் எப்படித் திரும்புகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மோட்டார் வண்டியைப் போல் தேருக்குத் திருப்பும் சக்கரம் கிடையாது. அச்சு அசையாமல் இருக்க, வடம் பிடித்து இழுத்தால் அது நேராக மட்டுமே போகும். முனை வந்ததும் வடத்தை மாற்றிப் போட்டுப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். சக்கரத்தின் முன்னே முட்டுக்கட்டையைச் சாய்வாக இட்டு, சக்கரம் அதன்மேல் ஏறிச் சறுக்கும்போது தேரின் முகம் ஒரு முழம் திரும்பும். மறுபடி கட்டை, மறுபடி ஒரு முழம். பின்னாலிருந்து சன்னை போட்டு நெம்புகிறவர்கள் ஒரு பக்கம், கட்டை போடுகிறவர்கள் இன்னொரு பக்கம், இத்தனை பேரும் நின்று வேலை செய்ய முனையில் இடம் வேண்டும். வடம் பிடிப்பவர்கள் வீதியின் முழு அகலத்துக்கும் பரவி நிற்பார்கள். ஆகவே முனைக் கடைக்காரர் தன் மேடையை இரண்டடி முன்னுக்குத் தள்ளிக் கட்ட ஆசைப்பட்டால், அவரைத் தடுக்க நகராட்சி ஆள் வர வேண்டியதில்லை, அடுத்த மாசியே வந்துவிடும்.

இதற்குச் சான்று வேண்டுமென்றால் தேர் போகாத சந்துகளுக்குள் நுழைந்து பார்க்கலாம். வைசியாள் வீதியிலிருந்து பிரியும் சில சந்துகளில் எதிரெதிர் வீட்டு மாடிகள் கையை நீட்டினால் தொட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டன. கீழே ஒரு படி, மேலே ஒரு தாழ்வாரம், அதற்கும் மேலே ஒரு குளியலறை என்று ஒவ்வொரு தலைமுறையும் ஓரடியைத் தின்றிருக்கிறது. அங்கிருந்து வெளியே வந்து தேர் வீதியில் நின்றால் தலைக்குமேல் வானம் தெரிகிறது. இரண்டும் ஒரே ஊர், ஒரே மக்கள், ஒரே ஆசை. ஒன்றில் தேர் ஓடுகிறது, மற்றதில் ஓடவில்லை என்பதைத் தவிர வேறு வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

இந்த வீதிகள் எப்படி உருவாயின என்பதை அறியக் கொஞ்சம் தெற்கே, கோட்டைமேடு பக்கம் போக வேண்டும். பெயரில் மட்டும் கோட்டை மிஞ்சியிருக்கும் இடம் அது. கோட்டை ஈஸ்வரன் கோயில் என்று ஊரார் சொல்லும் சங்கமேஸ்வரர் கோயில் அங்கே இருக்கிறது. கோட்டைச் சுவர் இல்லை. மூன்றாம் மைசூர்ப் போரின்போது 1791இல் சால்மர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி சிறு படையுடன் இந்தக் கோட்டையைப் பல மாதங்கள் காத்து நின்று, நவம்பர் மாதத்தில் திப்புவின் படையிடம் பணிந்தார். 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு கொங்கு நாடு கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தது. 1804இல் கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு மாவட்டம் அமைந்தது. நவம்பர் 24ஆம் நாளைக் கோவை தினம் என்று இன்று கொண்டாடுகிறார்கள். கோட்டைக்குப் படையும் பேட்டைக்கு வணிகமும் என்பது நம் பக்கத்து ஊர்கள் பலவற்றின் பழைய அமைப்பு. கோட்டைக்கு வேலை இல்லாமல் போனதும் அது கரைந்தது. பேட்டைக்கு வேலை மிகுந்தது. நான்கு தேர் வீதிகளும் அந்தப் பேட்டையின் நடு உடம்பு.

வீதிப் பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தால் யார் யார் வந்து சேர்ந்தார்கள் என்பது ஓரளவு தெரிந்துவிடும். வைசியாள் வீதி, கருப்ப கவுண்டர் வீதி, சற்றுத் தள்ளித் தேவாங்கப்பேட்டை, சுக்கிரவார்பேட்டை. 1815 முதல் 1830 வரை கோவையில் கலெக்டராக இருந்து, உதகமண்டலத்தை உருவாக்கிய ஜான் சலிவனுக்கு ஒரு வீதி. ஒப்பணக்கார வீதியில் அத்தர் ஜமாத் பள்ளிவாசல். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, குஜராத்தி, மார்வாடி என்று ஒரே வரிசையில் ஆறு மொழிகளில் பேரம் நடக்கும் இடத்தை வேறு எங்கும் நான் இவ்வளவு சிறிய பரப்பில் கண்டதில்லை. ராஜ வீதிப் பெண்கள் பள்ளியின் பெயரிலேயே துணி வணிகர் சங்கம் நிற்கிறது.

இனி அப்பிச்சியின் கடைக்குள் போகலாம். இந்த வீதிகளில் பழைய கட்டடம் என்றால் என்ன என்பதைக் காட்ட எனக்கு அதைவிட நன்றாகத் தெரிந்த இடம் வேறில்லை.

மனை குறுகலானது, வீதியின் மேல் பன்னிரண்டு பதின்மூன்று அடிதான் முகம். உள்ளே நீளம் நூறடிக்கு மேல் போகும். வீதி முகம் விலை மிக்கது என்பதால் எல்லோருக்கும் கொஞ்சம் முகமும் நிறைய முதுகுமாகப் பங்கிட்டிருக்கிறார்கள். முன்னால் இடுப்பளவு உயரமான கருங்கல் மேடை. மாட்டு வண்டியின் பாரப் பலகையும் கடைத் தளமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும்படி அதை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். துணிப் பொதியைத் தோளில் ஏற்றி இறக்காமல் உருட்டிவிடலாம். மேடைக்கு ஏற ஐந்து படிகள். மேடைமேல் கடை, கடைக்குப் பின்னே ஆசாரம் என்ற கூடம், அதற்கும் பின்னே தொட்டி என்ற வானம் பார்த்த முற்றம், தொட்டியைச் சுற்றித் தாழ்வாரம், கடைசியில் கிணறும் பொடக்காளி என்ற கொல்லைப்புறமும். கொங்கு நாட்டுக் கிராமங்களில் தொட்டிக்கட்டு வீடு என்று நாம் அறிந்த அதே வீடுதான் இங்கே ஒடுங்கி நீண்டு, முன்கூடத்தைக் கடையாக்கிக்கொண்டிருக்கிறது. முதலாளியின் குடும்பம் பின்னாலேயே வாழ்ந்தது. மதியம் தாளிக்கும் வாசனை துணி மடிப்புகளுக்குள் வந்து உட்காரும் என்று அப்பிச்சி சொல்வார்.

கடையின் வாய்க்கு இரும்பு ஷட்டர் இல்லை. பலகைக் கதவுதான். மேலும் கீழும் காடி வெட்டிய நிலைச் சட்டத்துக்குள் பதினொரு தேக்குப் பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகிக் கடைசிப் பலகையைப் பூட்டினால் கடை அடைபட்டுவிடும். ஒவ்வொரு பலகையின் மேல் மூலையிலும் உளியால் தமிழ் எண் கொத்தியிருந்தது. ௧, ௨, ௩ என்று தொடங்கி ௰௧ வரை. பள்ளியில் எனக்கு யாரும் தமிழ் எண்களைச் சொல்லித் தரவில்லை; அந்தப் பலகைகளில்தான் படித்தேன். காலையில் ௰௧ முதலில் வரும், ௧ கடைசியில் வரும். மாலையில் அடைக்கும்போது அது தலைகீழாகும். வரிசை மாறினால் பலகை உள்ளே போகாது, ஏனென்றால் ஆசாரி ஒவ்வொன்றையும் அதன் பக்கத்துப் பலகைக்கு ஏற்றபடி இழைத்திருந்தார். ௬ஆம் பலகையில் மட்டும் கண்ணளவு ஒரு துளை. இரவில் யாராவது கதவைத் தட்டினால் உள்ளிருந்து பார்ப்பதற்கு.

சுவர்கள் ஒன்றரை அடிக்குக் குறையாத கனம். சுட்ட செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் கட்டி, மேலே மெல்லிய சுண்ணாம்புப் பூச்சுக் கொடுத்து, வெங்கச்சங்கல்லால் தேய்த்துப் பளபளக்க வைத்திருந்தார்கள். நம் பக்கத்தில் ஓடைக்கரைகளிலும் காட்டுமண்ணிலும் கிடைக்கும் சுக்கான்கல்லைச் சுட்டுத்தான் அந்தச் சுண்ணாம்பு தயாரானது. முன்பகுதிக்கு மச்சு உண்டு. தேக்கு உத்திரங்களை நெருக்கமாக வைத்து, அவற்றின்மேல் சிறு செங்கற்களைக் குத்துவாக்கில் சாய்கோடாக அடுக்கிக் காரையிட்டு, அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்கிய தளம் அது. மெட்ராஸ் தளம் என்று கொத்தனார்கள் சொல்வார்கள். அண்ணாந்து பார்த்தால் உத்திரங்களுக்கு நடுவே மீன் முள்ளைப் போலச் செங்கல் வரிசை தெரியும். பின்பகுதிக்கு ஓட்டுக் கூரை. முதலில் நாட்டு ஓடாக இருந்து, பிறகு சீமை ஓடாக மாறியது.

அந்த மாற்றத்துக்குப் பின்னால் இருப்புப்பாதையின் கதை இருக்கிறது. 1862இல் சென்னையையும் மேற்குக் கடற்கரையையும் இணைத்த பாதை போத்தனூர் வழியாகப் போனது. 1873இல் ரயில் கோவை நகருக்கே வந்து மேட்டுப்பாளையம் வரை நீண்டது. பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கி, பின்னர் கோழிக்கோட்டுப் பக்கமும் பரப்பியது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஓடு சுமந்து வந்த ரயில் திரும்பிப் போகும்போது பஞ்சும் துணியும் ஏற்றிச் சென்றது. கணவாய் வழியாக வருவது ஓடு மட்டுமா? ஆடிக் காற்றும் அதே வழியாகத்தான் வருகிறது. அதனால் நம் ஊர்க் கூரைகளின் ஓரத்திலும் முகட்டிலும் சுண்ணாம்புக் காரையால் வரி வரியாகப் பூசி ஓட்டை இறுக்கி வைத்திருப்பார்கள். பழைய கட்டடத்தை மேலிருந்து பார்த்தால் சிவப்பு ஓட்டின்மேல் அந்த வெள்ளை வரிகள் திருநீற்றுப் பட்டை போலிருக்கும். மரம் ஆனைமலைக் காட்டிலிருந்தும் வந்தது, கப்பலேறிப் பர்மாவிலிருந்தும் வந்தது. வெட்டிய தேக்கை மலையுச்சியிலிருந்து சறுக்கிவிட்ட இடத்துக்கு டாப்சிலிப் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

1888இல் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் முயற்சியில் கோவையின் முதல் நூற்பாலை தொடங்கியது. அதற்கு முன்பே 1866இல் நகராட்சி அமைந்து, அவரே அதன் முதல் தலைவராக இருந்தார். நகர் நடுவில் நிற்கும் விக்டோரியா மண்டபம் அந்தக் காலத்தின் அடையாளம். மகாராணி பட்டத்துக்கு வந்த பொன்விழாவை 1887இல் கொண்டாடியதன் நினைவாக எழுப்பப்பட்டு, 1892இல் திறக்கப்பட்டது. அதற்குப் பாடுபட்ட சே. ப. நரசிம்மலு நாயுடு அச்சகமும் இதழும் நடத்தியவர். சிறுவாணித் தண்ணீர் ஊருக்கு வர வேண்டுமென்று முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒருவர். அரசியின் பெயர் சூட்டிய மண்டபமானாலும் அதை உள்ளூர்க்காரர்கள் தங்கள் கூட்டங்களுக்கும் சொற்பொழிவுகளுக்கும்தான் வைத்துக்கொண்டார்கள். இன்றும் மாநகராட்சி மன்றம் அங்கேதான் கூடுகிறது. ஒரு பழைய கட்டடத்தைக் காப்பதற்கு அதில் வேலை நடந்துகொண்டிருப்பதைவிடச் சிறந்த வழி இல்லை என்பதற்கு இந்த மண்டபம் நல்ல எடுத்துக்காட்டு. சிறிது தூரத்தில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கட்டிய வெரைட்டி ஹால் இருந்தது. ரயில்வே வேலையை விட்டு, ஊர் ஊராகக் கூடாரத்தில் படம் காட்டி வந்தவர், தம் சொந்த ஊரில் படத்துக்கென்றே நிலையான அரங்கம் கட்டினார். பின்னாளில் அது டிலைட் தியேட்டர் ஆயிற்று. வெரைட்டி ஹால் என்ற பெயர் சாலையின் பெயராக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

தேர் வீதி வீடுகளின் வாழ்க்கையை மாற்றியது பிளேக். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நோய் கோவையை மறுபடி மறுபடி தாக்கியது. இன்றும் ஊரில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே கோயில்கள் உள்ளன. நெருக்கமான வீதிகள், இருட்டான பின்கட்டுகள், தானியம் சேர்த்த அறைகள், அவற்றில் எலிகள். வசதியுள்ளவர்கள் ஊருக்கு மேற்கே காற்றோட்டமான மனைகளுக்குப் போகத் தொடங்கினார்கள். நகராட்சித் தலைவராக இருந்த இரத்தினசபாபதி முதலியார் பெயரில் ஆர்.எஸ். புரம் எழுந்தது. குடும்பங்கள் போன பிறகு தேர் வீதி வீட்டின் பின்பகுதி கிடங்காயிற்று. தொட்டிக்குமேல் தகரம் போட்டு மூடினார்கள். அப்பிச்சியின் முதலாளி குடும்பம் மிகப் பின்னால்தான் வெளியேறியது. ஆனால் நான் பார்க்கும்போதே பொடக்காளியில் துணிக் கட்டுகள் அடுக்கியிருந்தன.

இந்த இடத்தில் பேட்ரிக் கெடஸ் என்ற நகரமைப்பு அறிஞரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்துக்காரரான அவர் 1914இல் சென்னை மாகாணத்துக்கு வந்து ஊர் ஊராகச் சுற்றினார். நெரிசலான பழைய பகுதிகளை இடித்து நேர்கோட்டுச் சாலை போடுவதே சுகாதாரம் என்று பொறியாளர்கள் நம்பிய காலம். அவர் அதை எதிர்த்து, கெட்டுப்போன சில வீடுகளை மட்டும் எடுத்துவிட்டுச் சின்னச் சின்னத் திறந்தவெளிகள் அமைத்தாலே போதும், ஊரின் உயிர் கெடாமல் நோய் தீரும் என்றார். இந்தூரில் பிளேக் பரவியிருந்தபோது, தீபாவளி ஊர்வலம் எந்த வீதிகள் நன்றாகத் துப்புரவு செய்யப்பட்டிருக்கின்றனவோ அவற்றின் வழியாகவே போகும் என்று அறிவிக்கச் செய்தார். வீதிக்கு வீதி மக்கள் போட்டியிட்டுக் குப்பையை அகற்றினார்கள். தேர் வருவதற்கு முதல் நாள் வைசியாள் வீதியில் நின்று பார்த்த யாருக்கும் இதில் வியப்பு இருக்காது. வாசல் தெளித்துக் கோலமிடுவதும், மேடையில் பிதுங்கிய சரக்கை உள்ளே இழுப்பதும், தொங்கும் பலகைகளைக் கழற்றுவதும், ஒயர்களைத் தூக்கிக் கட்டுவதும் அங்கே ஆண்டுதோறும் யாரும் ஆணையிடாமல் நடக்கும் வேலை.

1930களில் முகப்புகள் மாறின. நீலகிரியின் பைகாராவிலிருந்து நீர்மின்சாரம் வந்தது, மில்கள் பெருகின, கையில் பணம் புரண்டது. 1934இல் மதுக்கரையில் சிமெண்ட் ஆலை தொடங்கியது. சுண்ணாம்புத் தூணும் ஓட்டுத் தாழ்வாரமும் இருந்த முகங்களில் சிமெண்டால் வார்த்த வளைந்த பால்கனிகளும், படிக்கட்டுப் போல் உயரும் கைப்பிடிச் சுவர்களும், சூரியக் கதிர் வடிவக் கிராதிகளும் வந்தன. உச்சியில் கட்டிய ஆண்டையும் முதலாளியின் பெயரெழுத்துகளையும் புடைப்பாகப் பொறித்தார்கள். பம்பாயிலிருந்து வந்த பாணி என்றாலும் எங்கள் கொத்தனார்கள் அதில் கைவைக்காமல் விடவில்லை. கதிர் விரியும் கிராதிக்கு நடுவே ஒரு கஜலட்சுமி உட்கார்ந்திருப்பாள். மேல்மாடியை அண்ணாந்து பார்க்கும் பழக்கமுள்ளவர்களுக்கு ஒப்பணக்கார வீதியில் இன்னும் சில எஞ்சியிருக்கின்றன. கீழ்த்தளம் முழுவதும் விளம்பரத் தட்டியும் கண்ணாடியும் மூடிக்கொண்டிருந்தாலும், தட்டியின் மேல்விளிம்புக்கு மேலே பழைய கட்டடம் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும்.

சிமெண்ட் வந்ததால் நேர்ந்த கேட்டை எங்கள் குடும்பமே அனுபவித்திருக்கிறது. அப்பிச்சியின் வீடு கருப்ப கவுண்டர் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக் கூரை. 1994இல் மாமாவின் திருமணத்துக்காகச் சுவரைப் புதுப்பிக்க ஓர் ஒப்பந்தக்காரரை அமர்த்தினோம். பழைய பூச்சு பொரிந்திருக்கிறது, சிமெண்ட் பூசிவிட்டால் நூறு வருடம் நிற்கும் என்றார். பூசினார். இரண்டு மழைக்காலத்துக்குள் உள்சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறியது. பிறகு உப்புப் பூத்தது, பெயின்ட் கொப்பளித்தது. உத்திரத்தின் முனை சுவருக்குள்ளேயே உளுத்து, ஒரு நாள் இரவு அடுக்களைக் கூரை ஒரு சாண் இறங்கிவிட்டது. நல்லவேளையாக அமுச்சி, என் பாட்டி, அப்போது ஆசாரத்தில் படுத்திருந்தார்.

பேரூர்ப் பக்கமிருந்து ஒரு வயதான கொத்தனாரை அழைத்து வந்தோம். அவர் சுவரில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் பேசாமல் நின்றார். "செவுரு மூச்சு விடோணுமுங்க. நீங்க மூக்கப் பொத்தி வெச்சுட்டீங்க" என்றார். மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வாங்கி வெயிலில் வெளியே விட்டுக்கொண்டிருந்தது. சிமெண்ட் அந்த வழியை அடைத்ததால் ஈரம் மேலே ஏறி, மரத்தைத் தேடிப் போயிருக்கிறது. சிமெண்டை முழுவதும் கொத்தி எடுத்த பிறகு ஒரு மாதம் சுவரைச் சும்மா காயவிட்டார். அதற்குள் தொட்டியில் சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊறப்போட்டு வைத்திருந்தார். கடுக்காயை உடைத்து ஊறவைத்த நீரும் பனைவெல்லமும் சேர்த்து, மணல் கலந்து அரைத்த காரை வெண்ணெய் போல வந்ததும் கரண்டியில் எடுத்துத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார், அது விழவில்லை. "இப்ப சரியா இருக்குதுங்க." அந்தச் சுவர் இன்றுவரை பொரியவில்லை. அவருக்குப் பிறகு அவர் வீட்டில் யாரும் இந்த வேலைக்கு வரவில்லை. கட்டடங்கள் அழிவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கரண்டிதான், ஏனென்றால் கட்டடத்தைக் காக்க வேண்டுமென்று மனம் வந்தாலும் கை வேண்டும்.

சட்டம் இருக்கிறது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. கோயில், அரண்மனை, மண்டபம் போன்ற தனிக் கட்டடங்களை ஒரு பட்டியலில் சேர்த்துக் காப்பது எளிது. வீதி என்பது முந்நூறு உரிமையாளர்களும் அவர்களின் பங்காளிகளும் வாடகைக்காரர்களும் சேர்ந்தது. பன்னிரண்டடி முகத்தை மூன்று அண்ணன் தம்பிகள் பிரித்தால் ஆளுக்கு நான்கடி. அதில் யாரிடம் போய்ப் பழைய பால்கனியைக் காப்பாற்றுங்கள் என்று கேட்பது? ஆகவே முழு வீதியையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டுமென்று நான் கேட்கவில்லை. முன்சுவரையும் முதல் மாடியையும் நிறுத்திக்கொண்டு பின்னால் புதிதாகக் கட்டிக்கொள்ள அனுமதியும், அப்படிச் செய்பவருக்கு வரிச் சலுகையும் கொடுத்தாலே பாதிக் கட்டடங்கள் பிழைக்கும். தட்டிகள் முதல் மாடியின் விளிம்பைத் தாண்டாமல் இருந்தால் மீதி முகங்கள் வெளியே வரும். சாலையைப் பற்றியாவது தெளிவான ஆணை ஏற்கெனவே உண்டு. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும், வீடுகள் பள்ளத்தில் போகக் கூடாது என்று 2021இல் தலைமைச் செயலாளரே எல்லா உள்ளாட்சிகளுக்கும் எழுதினார். பழைய வீதிகளைப் பொறுத்தவரை இவ்வளவு பயனுள்ள பாதுகாப்பு ஆணை வேறு வரவில்லை என்பது என் கருத்து, அதில் பாரம்பரியம் என்ற சொல் வேண்டியிருக்கவில்லை.

சென்ற மாசியில் தேர் பார்க்க அந்தக் கடையின் மெத்தைக்கே, மேல்மாடிக்கே, போனேன். கோனியம்மன் தேர் புதன்கிழமை ஓடும். பழைய முதலாளியின் பேரன் இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிறார். துணிக்குப் பதில் பாத்திரம். தெரிந்தவர் என்பதால் என்னை மேலே நிற்க விட்டார். அவரிடம் இடிக்கும் எண்ணம் உண்டா என்று கேட்டேன். "இடிச்சா நாலு மாடி கட்டலாமுங்க. ஆளும் வந்து கேட்டுட்டேதான் இருக்கறாங்க. ஆனா வருசா வருசம் தேருக்குச் சொந்தபந்தமெல்லாம் இந்த மெத்தையிலதானுங்க வந்து நிக்கறாங்க. எங்க பாட்டி கல்யாணமாகி வந்ததும் இங்கிருந்துதான் தேர் பாத்துச்சு. புதுசாக் கட்டுனா முன்னால கண்ணாடி போட்டு மூடிருவாங்க. அப்புறம் எங்க நிக்கறது?" என்றார். நான்கு வீதிகளிலும் மிஞ்சியிருக்கும் பால்கனிகளில் எத்தனை இந்தக் காரணத்துக்காக மிஞ்சியிருக்கின்றனவோ. அன்று அண்ணாந்து பார்த்தால் ஒவ்வொன்றிலும் தலைகள் நிறைந்திருந்தன.

ஒப்பணக்கார வீதியில் பள்ளிவாசல்காரர்கள் வடம் பிடிப்பவர்களுக்குத் தண்ணீர் பாட்டில்களைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அந்த வெற்றுப் பாட்டில்களோடு கூட்டம் முனையைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தது. பின்னால் தேர். மக்கள் வேண்டுதலுக்காக வீசிய உப்பு அதன் தட்டில் வெள்ளையாகப் படிந்திருந்தது. திரும்பும் இடத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கட்டை போடுகிறவர் ஒவ்வொரு முறையும் சக்கரத்தின் அருகே குனிந்து, கட்டையை வைத்து, கையை எடுத்துக்கொண்டு விலகுவதை மேலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். கடைசியாக முகம் நேரானதும் அலங்காரத் துணியின் ஓரம் எங்கள் கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டு போனது. பேரன் கையை நீட்டி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. குழாய் பதிக்கக் கடையின் முன்னால் தோண்டுகிறார்கள், நீங்கள் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது என்றார். போனேன். கறுப்பும் சாம்பலுமாகத் தார் அடுக்குகள் நான்கைந்து வெட்டுவாயில் தெரிந்தன. அவற்றுக்கு அடியில் சல்லி, அதற்கும் அடியில் செம்மண். தார் அடுக்குகளை ஒட்டி, வெளியில் தெரிந்த ஒற்றைப் படிக்குக் கீழே, கருங்கல் படிகள் வரிசையாக இறங்கின. எண்ணினேன். வெளியில் ஒன்று, உள்ளே நான்கு. ஒவ்வொன்றின் நடுவிலும் கல் தேய்ந்து குழிந்திருந்தது. மேலே உள்ளதைவிடக் கீழே உள்ளவற்றில் குழிவு குறைவு, அவை முன்னதாகவே புதைந்துவிட்டவை அல்லவா. மண்ணைக் கையால் துடைத்தேன். கல் குளிர்ந்திருந்தது.

குழாய்க்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள், மாலைக்குள் மூடிவிடுவார்கள். செருப்பைக் கழற்றி மேடைமேல் வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினேன். அடிப்படியின் முன் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஐந்து படியும் ஏறிக் கடைக்குள் போனேன்.